மெக்கானிக்கல் முடித்தவர் ஜெர்மனியில் கணினி படிக்கப் போகலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் பிஇ மெக்கானிக்கல், சிஜிபிஏ 7.4. இரண்டு வருஷமாகச் சென்னையில் ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ‘ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது, 12 லட்சம் காட்டினால் போதும், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் வாங்கித் தருகிறோம்’ என்று ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கத் தயார். ‘போகலாமா?’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கிறீர்கள். சீட் கிடைக்குமா என்று கேட்பது போல இருந்தாலும், உங்களை உறுத்துவது அந்தப் பத்திரம் வீடு திரும்புமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மதுரையில் எம்எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு 2012-ல் இங்கே ஜெர்மனிக்கு, கணிப்பு அறிவியல் (கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ்) முதுகலைக்கு வந்தவன். அப்புறம் இங்கேயே முனைவர் பட்டம், இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வேலை. சில வருஷங்களாக, துறையின் சேர்க்கைக் குழுவுக்கு இந்திய விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. அதனால் படிப்பு, சேர்க்கை இரண்டையும் உள்ளிருந்து பார்த்துச் சொல்ல முடியும். விசா சட்டமும் கடன் விதியும் என் தொழில் இல்லை. அந்தத் தொகைகள் வருஷத்துக்கு வருஷம் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். மெக்கானிக்கல் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தின் நேரடிக் கணினி அறிவியல் முதுகலைக்குள் நுழைவது ஏறக்குறைய நடக்காத காரியம். இங்கே முதுகலை என்பது இளங்கலையின் தொடர்ச்சி. இளங்கலையில் அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் என்று இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று துறையின் விதிப்புத்தகத்தில் எழுதியே வைத்திருப்பார்கள். இரண்டு வருஷ ஐடி அனுபவம் அந்தக் கிரெடிட்டை நிரப்பாது. ஆன்லைன் சான்றிதழும் நிரப்பாது. எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) சின்ன வயசிலிருந்தே கம்ப்யூட்டர் மேல் ஆசை என்று உருகி எழுதினாலும் நிரப்பாது. அதை நாங்கள் கடைசியில்தான் படிக்கிறோம், சில ஃபைல்களில் அதுவரை போவதே இல்லை.

ஆனால் பக்கத்திலேயே இன்னொரு வாசல் இருக்கிறது, உங்கள் கன்சல்டன்சி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை போலிருக்கிறது. பொறியியல், கணிதம், கணினி மூன்றும் சேரும் இடத்தில் உள்ள படிப்புகள். ஆஹனில் சிமுலேஷன் சயின்சஸ், எர்லாங்கனில் கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங், டிரெஸ்டனில் கம்ப்யூட்டேஷனல் மாடலிங் அண்ட் சிமுலேஷன், ஷ்டுட்கார்ட்டில் ‘கோமாஸ்’ என்கிற கணிப்பு இயந்திரவியல் படிப்பு. இவை மெக்கானிக்கல்காரர்களை வேண்டாம் என்பதில்லை, அவர்களையும் எதிர்பார்த்தே வைத்த படிப்புகள். விமான இறக்கை மேல் காற்று எப்படி ஓடும், எலும்பில் வைத்த திருகு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கணினிக்குள் கணக்கிட்டுப் பார்க்கும் துறை இது. 2025 செப்டம்பரில் இங்குள்ள யூலிஷ் ஆய்வு மையத்தில் ஜூபிடர் என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தார்கள். ஒன்றுக்குப் பின்னால் 18 சுழி போட்டால் வரும் எண்ணிக்கையில் நொடிக்குக் கணக்குப் போடும், ஐரோப்பாவில் அந்த எல்லையைத் தொட்ட முதல் இயந்திரம். அதற்கு நிரல் எழுதும் ஆட்களில் பலர் இப்படிப்பட்ட படிப்பிலிருந்து வந்தவர்கள்.

உங்கள் ஃபைல் என் மேஜைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மார்க் ஷீட்டை எடுத்து முதலில் கணக்குப் பேப்பர்களைத் தேடுவேன். எம்-1, எம்-2, டிபிடிஇ (உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும்), ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ். அண்ணா பல்கலைக்கழக மெக்கானிக்கலில் இந்த நான்கும் உண்டு, நல்லது. அப்புறம் ஃபினைட் எலிமெண்ட் (ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) இருக்கிறதா, எத்தனை மதிப்பெண். பிறகு சிலபஸைப் பிரித்து ஒவ்வொரு பேப்பரின் உள்ளடக்கத்தையும் எங்கள் பட்டியலோடு ஒப்பிடுவேன். நியூமெரிக்கல் மெத்தட்ஸில் காஸ்-சைடல் முறையும் ரங்-குட்டா முறையும் இருக்கும், டிக். (நீங்கள் மனப்பாடம் செய்து எழுதிய அந்த ரங் 1895-லும் குட்டா 1901-லும் இங்கேதான் அதை எழுதினார்கள். குட்டா பின்னால் ஷ்டுட்கார்ட்டில் பேராசிரியர்.) புரோகிராமிங் என்று பார்த்தால் முதல் வருஷத்தில் ஒரே ஒரு பேப்பர் இருக்கும். இங்கேதான் பேனா நிற்கும். விண்ணப்பதாரர் சிலபஸை இணைக்காமல் வெறும் மார்க் ஷீட்டை மட்டும் அனுப்பியிருந்தால், சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்க எங்களுக்கு நேரம் இருக்காது. நல்ல மாணவர்கள் பலர் இந்த ஒரு காரணத்துக்காக வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பேப்பருக்கும் சிலபஸைச் சேர்த்து, எங்கள் பட்டியலில் உள்ள எந்தப் பாடத்துக்கு உங்கள் எந்தப் பேப்பர் ஈடு என்று ஒரு பக்க அட்டவணை போட்டு அனுப்புங்கள். கன்சல்டன்சிக்குக் கொடுக்கும் காசுக்கு மேல் அந்த ஒரு பக்கம் வேலை செய்யும்.

7.4 போதுமா? நம் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றப் பவேரியச் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழித்து வருவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். தேர்ச்சி 5 என்று எடுத்தால் உங்களுக்கு 2.56 வரும். தேர்ச்சி 4 என்று எடுத்தால் 2.3. இங்கே 1.0 மிக நல்லது, 4.0 தேர்ச்சியின் விளிம்பு. பல துறைகள் 2.5-ல் கோடு கிழித்திருக்கின்றன. பார்த்தீர்களா, நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தேர்ச்சி மதிப்பெண்ணாக எதை எடுக்கிறார்கள் என்பதில் நிற்கிறது. ஆகவே சீட் விஷயத்தில் நான் உறுதி சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அரியர் பற்றி ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். எங்கள் துறையில் அதை எண்ணுவதில்லை, சூத்திரத்தில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் கணக்குப் பேப்பரில் அரியர் வைத்து 50-ல் பாஸ் செய்திருந்தால் கண்ணில் படாமல் போகாது.

இப்போது படிப்பைப் பற்றி. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பெயரில் கம்ப்யூட்டர் இருக்கிறது, உள்ளே போனால் கணக்கு இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன். முதல் பருவத்தில் (செமஸ்டரில்) எண்முறை நேரியல் இயற்கணிதம் என்று ஒரு பாடம். பெரிய சமன்பாட்டுத் தொகுப்புகளைத் தீர்க்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் முறைக்கு நானே நிரல் எழுதி ஓட்டியிருந்தேன், அழகாக ஓடியது. 2013 பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வு, அரை மணி நேரம், எதிரில் பேராசிரியர், ஓரத்தில் குறிப்பெடுக்க ஒருவர். பேராசிரியர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். ‘n சமன்பாடு இருந்தால் இந்த முறை n படியில் சரியான விடைக்கு வந்துவிடும் என்று தேற்றம் சொல்கிறது. அப்படியிருக்க இதை ஏன் படிப்படியாக நெருங்கும் முறை என்கிறோம்?’ அவ்வளவுதான் கேள்வி. அல்காரிதத்தை வரி பிசகாமல் எழுதினேன். ‘இதை நான் கேட்கவில்லையே’ என்றார். எனக்கு வேர்த்துவிட்டது, வெளியே பனி.

விடை பெரிய ரகசியமில்லை. கணினி எண்களை முழுசாக வைத்துக்கொள்வதில்லை, கடைசி இலக்கங்களை வெட்டுகிறது. அந்தச் சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து, தேற்றம் எதை நம்பி நிற்கிறதோ அந்தச் செங்குத்துத் தன்மையே (ஒவ்வொரு படியின் திசையும் மற்றதற்குச் செங்குத்தாக நிற்பது) கெட்டுப்போகிறது. அதோடு, பத்து லட்சம் சமன்பாடு இருக்கும் இடத்தில் பத்து லட்சம் படி நடக்க யாருக்குப் பொழுதிருக்கிறது? சமன்பாட்டுத் தொகுப்பு நல்ல குணமுள்ளதாக இருந்தால் சில நூறு படியிலேயே தேவையான துல்லியம் கிடைத்துவிடும். இது எனக்குத் தெரியாமல் இல்லை, தனித்தனியாகத் தெரியும். ஏன் என்று கேட்டுப் பழகவில்லை, அதனால் கோர்த்துச் சொல்ல வரவில்லை. 3.7 போட்டு அனுப்பினார். தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், இன்டர்னல் மார்க் என்று கைதூக்கிவிட இங்கே எதுவும் கிடையாது. பல பாடங்களில் பருவம் முழுவதற்கும் ஒரே தேர்வு. பல இடங்களில் ஒரு பாடத்தில் மூன்று முறைதான் வாய்ப்பு, மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். நம் ஊர் அரியர் மாதிரி எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வந்து இடிபட்டவர்களை நேரில் தெரியும்.

பணத்துக்கு வருவோம். 12 லட்சம் என்கிறார்களே, அது பிளாக்டு அக்கவுண்ட், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அது ஃபீஸ் கிடையாது, உங்கள் பணம்தான். இங்கே வந்ததும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பத் தருவார்கள். அதில் வாடகை (மாணவர் விடுதி கிடைத்தால் 300-ஐ ஒட்டி, கிடைக்காமல் மியூனிக் மாதிரி ஊரில் வெளியே எடுத்தால் அதைப் போல இரண்டு மடங்கு தாண்டும்), மருத்துவக் காப்பீடு 140-க்கு மேல், சாப்பாடு, போன், அப்புறம் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம். வீடு எடுத்தால் மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம், அது முதல் மாதத்திலேயே கையைக் கடிக்கும். கட்டணமே இல்லை என்பதும் முழு உண்மையில்லை. ஷ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. ஆஹன், டிரெஸ்டன் பக்கம் செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோவோடு முடிந்துவிடும்.

கன்சல்டன்சி சொல்லாமல் விடுவது இரண்டாவது வருஷத்தை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது வாழ வழியிருக்கிறதா என்று மறுபடி காட்ட வேண்டும். புத்தகத்தில் நான்கு பருவம் என்று இருந்தாலும் ஐந்து ஆறு பருவம் எடுப்பதுதான் இங்கே சகஜம். ஐந்து பருவம் என்று வைத்தால் 30 மாதம், மாதம் 992 வீதம் 29,760 யூரோ. யூரோ 100 ரூபாய் என்ற சுலபக் கணக்கில் 30 லட்சம். கையில் இருப்பது 12. மிச்சம் 18 லட்சத்தை நீங்கள் இங்கே படித்துக்கொண்டே சம்பாதிக்க வேண்டும், அல்லது அப்பா மறுபடி ஏதாவது செய்ய வேண்டும். பத்திரத்துக்கு ஆபத்து வருவது இந்த இடத்தில்தான்.

சம்பாதிக்க முடியுமா? சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், பல்கலைக்கழகத்துக்குள் ‘ஹிவி’ என்கிற மாணவர் உதவியாளர் வேலை அந்தக் கணக்கில் வராது. 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் 20 மணி நேரம் முழுசாகக் கிடைத்தால் மாதம் 1,100 வரும், பிடித்தம் போக வாழ்ந்துவிடலாம். ஆனால் அந்த வேலை இறங்கிய மாதமே கிடைக்காது. படித்த துறையிலேயே பகுதிநேர வேலை வேண்டுமென்றால் நன்றாக நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஜெர்மன் பேச வேண்டும், இரண்டும் இருந்தால் நல்லது. இரண்டும் இல்லாதவர்கள் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டு அதே வாரத்தில் ஃபினைட் எலிமெண்ட் தேர்வும் எழுதுகிறார்கள். முடியாதது இல்லை. மதிப்பெண்ணில் அது தெரியும்.

படித்து முடித்த பின் வேலை தேட 18 மாதம் அனுமதி தருவார்கள், இது சட்டத்தில் உள்ளது. கணினித் துறைக்கு நீல அட்டை (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வாங்க 2025-ல் வருஷச் சம்பளம் 43,759.80 யூரோ இருந்தால் போதும் என்று இருந்தது. ஏறக்குறைய அந்தச் சம்பளத்தில் தனி ஆளுக்குக் கையில் மாதம் 2,400 சொச்சம் வரும். சிக்கனமாக இருந்தால் அதில் 1,000 அனுப்பலாம், இரண்டு வருஷத்துக்குள் பத்திரம் திரும்பிவிடும். இது கணக்கு. ஆனால் நீங்கள் படித்து வெளியே வரும்போது சந்தை எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இங்குள்ள கார் தொழிற்சாலைகள் இப்போது ஆட்குறைப்பில் இருக்கின்றன, சிமுலேஷன் ஆட்களை அதிகம் எடுத்தவையும் அவைதான். ஆராய்ச்சிப் பக்கம் போனால் முனைவர் பட்டம் இங்கே பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை, ஆனால் பாதி அல்லது முக்கால் பதவியாகக் கொடுப்பதும் உண்டு.

கன்சல்டன்சி பற்றி ஒன்று. அரசுப் பல்கலைக்கழகங்கள் தரகு கொடுப்பதில்லை. தனியார் கல்லூரிகள் கொடுக்கின்றன. ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உறுதி’ என்று மெக்கானிக்கல்காரருக்கு ஒருவர் சொன்னால் அது எந்தக் கல்லூரி, வருஷக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வருகிற வேகத்திலேயே புரிந்துவிடும். விசா மறுக்கப்பட்டால் மறுபரிசீலனை மனு போடலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அது பழைய கதை, 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். பெர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த அக்டோபர் சேர்க்கையைப் பிடிக்க ஓட மாட்டேன், அடுத்த அக்டோபருக்குத் தயாராவேன். வேலையை விடாமல் ஆறு மாதம் இரவில் இரண்டு காரியம் செய்வேன். ஒன்று, நேரியல் இயற்கணிதத்தையும் எண்முறைகளையும் ‘ஏன்’ என்ற கேள்வியோடு மறுபடி படித்து, ஒரு வெப்பப் பரவல் சமன்பாட்டுக்கு சி++-ல் நானே தீர்வு எழுதிப் பார்ப்பேன், தயார் நூலகம் எதையும் தொடாமல். அதில் ராத்திரி பன்னிரண்டு மணி ஆனதே தெரியவில்லை என்றால் இந்தப் படிப்பு உங்களுக்கானது. மூன்றாம் வாரமே வெறுத்துப் போனால் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும், டெஸ்டிங்கிலிருந்து டெவலப்மெண்டுக்கு மாற சென்னையிலேயே வழி உண்டு. இரண்டாவது, ஜெர்மன். சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு எங்கோ ஏ1, ஏ2 என்ற முதல் இரண்டு நிலைகளை முடித்துவிட்டால் பகுதிநேர வேலை தேடும்போது அதன் அருமை தெரியும். இதற்கிடையே சம்பளத்தில் சேர்ப்பது அத்தனையும் கடனில் குறையும். அரசு வங்கிகளில் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால்தான் சொத்து அடமானம் கேட்கிறார்கள். 10 சதவீத வட்டி என்றால் 12 லட்சத்துக்குப் படிக்கும் காலத்திலேயே வருஷம் 1.2 லட்சம் ஏறும். நான்கைந்து லட்சம் நீங்களே சேர்த்துவிட்டால் மீதிக் கடன் அந்த 7.5-ஐ ஒட்டி வந்துவிடும், அடமானப் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும்.

இந்த வாரமே தொடங்க வேண்டியது ஒன்றுதான், பேப்பர் வேலை. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (உங்கள் பட்டமும் மார்க் ஷீட்டும் உண்மை என்று சரிபார்த்துத் தருவது) இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது, கட்டணம் 18,000 ரூபாய், டெல்லியிலிருந்து வர வேண்டும். வெளிநாட்டவருக்கான கெடு பல துறைகளில் மார்ச்சிலிருந்து மே வரைக்குள் முடிந்துவிடுகிறது. கல்லூரிக்குப் போய் நீங்கள் படித்த ரெகுலேஷனின் (அந்த வருஷங்களுக்கான பாடத்திட்டத்தின்) முழு சிலபஸையும், துறைத்தலைவர் முத்திரையோடு, இரண்டு பிரதி வாங்கி வையுங்கள். ரெகுலேஷன் மாறிய பிறகு பழைய சிலபஸ் எங்கே என்று ஆபீஸில் கேட்டால் பீரோ சாவி வைத்திருப்பவர் லீவில் இருப்பார்.